பெட்டி மேல் எழுதிய ஒரிஜினல்

பழைய கார் வைத்திருப்பவனுக்கு ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமே கிடையாது. "ஒரிஜினல் தவிர வேறெதையும் தொட்றாதீங்க" என்பார் ஒருவர். "லோக்கலே தாராளமுங்க, காசை ஏன் கரியாக்கறீங்க" என்பார் அடுத்தவர். இருவரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களா என்பது வேறு விஷயம்.

இளவயசில் நான் முதல் கட்சி. சாமளாபுரத்தில் தறிக்குடோனும் வீடுமாக இருந்த அந்த நாளில், என் அம்பாசிடருக்கு எது வாங்கினாலும் அட்டைப்பெட்டியைத்தான் முதலில் பார்ப்பேன். கம்பெனி முத்திரை இருந்தால் பேரம் பேசாமல் வாங்கி வருவேன். சாமான் வண்டிக்குள் போன பிறகும் பெட்டி பீரோவில் இருக்கும். வீட்டில் நகைப்பெட்டிக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை என்று என் சம்சாரம் கடைசிவரை சொல்லிச் சிரிப்பாள். நூல் விஷயத்தில் மட்டும் நான் விவரமானவன். கோன் மேல் ஒட்டிய சீட்டை நம்பமாட்டேன், இழையைப் பிரித்து இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன். அந்தப் புத்தி கார் ஷெட்டுக்குள் நுழையும்போது எங்கே போய்விடும் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

போன வருஷம் என் மகள் வயிற்றுப் பேரன் ஆசைப்பட்டு ஒரு பழைய அம்பாசிடரை வாங்கினான். திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வண்டி வந்த கையோடு ஊட்டிக்குப் போகணும் என்று நின்றான். பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. அடியில் போகும் பைப்பெல்லாம் துருவேறிக் கிடந்தது.

"அப்புச்சி, கோயமுத்தூர்ல ஒரு கடையில சீல் பிரிக்காத ஒரிஜினல் பிரேக் பைப், ஓஸ் செட் இருக்குது. லோக்கல் செட் அதுல கால் வெலைதான். எதை வாங்கறதுன்னு சொல்லுங்க" என்றான். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கடையில் சொல்லி இரண்டையுமே கையோடு கொண்டு வந்திருந்தான். நான் பதில் சொல்லவில்லை. காரணம்பேட்டைப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் மேஸ்திரியிடம் அழைத்துப் போனேன்.

மேஸ்திரி ஒரிஜினல் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வண்டி போடறதையே 2014-ல நிறுத்தீட்டாங்க தம்பி. இது அதுக்கும் முந்துன சரக்கு" என்றார். ரப்பர் ஓஸை வெளியே எடுத்து வளைத்து, லைட் அடித்துக் காட்டினார். வளைந்த இடத்தில் மெல்லிய வெடிப்புகள். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத ஓஸ், பெட்டிக்குள்ளேயே கிழமாகியிருந்தது. பழைய ஓஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும். வண்டி இடப்பக்கம் இழுத்ததும் அதில் கிடந்த பழைய ஓஸ் அப்படி அடைத்ததால்தான், வலப்பக்கச் சக்கரத்துக்கு அழுத்தம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

பேரன் முகம் மலர்ந்தது. "அப்ப லோக்கல்தானே?" என்றான். மேஸ்திரி அதையும் எடுத்து நட்டைக் கழற்றினார். அம்பாசிடர் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வம்சம், பழைய வண்டிகளில் மரை அங்குலக் கணக்கு. லோக்கல் செட்டில் வந்திருந்தது மில்லிமீட்டர் மரை. அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு என்பது ஒன்பதரை மில்லி, இந்தக் காலத்து நட்டு பத்து மில்லி. ஒன்றை இன்னொன்றில் வலுக்கட்டாயமாக ஏற்றினால் மரை கெடும். தொளதொளவென்று ஏறினாலோ, பிடித்துக்கொண்ட மாதிரித் தெரியும், அழுத்தி மிதிக்கிற அன்றைக்குக் கழன்றுவிடும். பழைய அம்பாசிடரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கே ஒழுகினாலும் பெடல் தரைக்குப் போகும், மிச்சம் கைப்பிரேக் மட்டும்தான்.

கார் கம்பெனிக்காரர்கள் பிரேக்கைத் தாங்களே செய்வது அபூர்வம் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சென்னை பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற ஆலைகள் செய்துகொடுக்கும். அதே ஆலை தன் பெயரிலும் கடைக்குச் சரக்கு அனுப்பும். நான் பீரோவில் வைத்துக் காத்ததெல்லாம் முத்திரைக்குக் கொடுத்த காசு!

கடைசியில் இரண்டு செட்டும் திரும்பிப் போயின. நல்ல பிரேக் கம்பெனியின் ஓஸாக, தயாரித்த தேதி பார்த்துப் புதிதாக வாங்கினோம். பைப்புக்கு பிரேக்குக்கென்றே வரும் இரட்டைச் சுவர் இரும்புக் குழாயைச் சுருளாக வாங்கி, பழைய பைப்பை அளவு வைத்து மேஸ்திரியே வளைத்தார். பிரிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாயைச் சிலர் போட்டு ஓட்டுகிறார்கள். வளைக்கச் சுலபம்தான், ஆனால் வண்டி அதிர அதிர அது இறுகி வெடித்துவிடும். வால்வோக்காரர்கள் 1970-களிலிருந்து போடுவது செம்போடு நிக்கல் கலந்த குழாய், அது வேறு சாதி.

பிரேக் ஆயிலையும் சுத்தமாக மாற்றினோம். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் ஆயில். டாட் 3 வகை புதிதில் 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும், ஈரம் ஏறினால் 140 டிகிரி பக்கத்திலேயே கொதிக்கலாம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. ஈரம் குழாயை உள்ளிருந்தும் அரிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போதுதான் பேரனுக்குப் பிடிபட்டது.

ஏர் எடுத்து முடித்ததும் மேஸ்திரி பேரனை உட்காரவைத்து, முழுப் பலத்தோடு மிதித்துப் பிடிக்கச் சொன்னார். அடியில் போய் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பின் சக்கரத்துக்குப் போகும் ஒன்றில் மட்டும் லேசாக ஈரம் கசிந்தது. மறுபேச்சில்லாமல் அந்த நுனியை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி நுனியை விரித்துப் பிளேர் அடிக்க உட்கார்ந்தார். வெயில் சாய்ந்துவிட்டது, கூலி கூட்டிக் கேட்கவில்லை.

"சுருள் பைப்புங்கறதாலதான் ஒழுகுது போல" என்றான் பேரன்.

"பிளேர் அடிச்சது என்ற கை தம்பி, பைப்பு மேல பழி போடாதீங்க" என்றார் மேஸ்திரி.