பெட்ரோல்மேல் பழிபோடாத பட்டறை

“பெட்ரோல்ல ஸ்பிரிட்ட கலந்துட்டாங்க, அதான் வண்டி இழுக்க மாட்டேங்குது.” செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் உள்ள அந்தப் பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போதே காரணத்தையும் சொல்லிவிடுகிறார்கள். மைலேஜ் குறைந்தாலும் அதுதான், காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் அதுதான், மேட்டில் திணறினாலும் அதுதான். பட்டறைக்காரர் மறுப்பதில்லை, ஒப்புக்கொள்வதும் இல்லை. “பாத்துடலாம்ணே” என்று சொல்லிவிட்டு சீட்டைக் கழற்றி ஸ்கேனர் வயரை மாட்டுகிறார்.

ஈதானால் கலந்த பெட்ரோலைப் பற்றித் தொலைக்காட்சியில் விவாதிக்கிறார்கள், டீக்கடையில் சண்டை போடுகிறார்கள். அந்தப் பெட்ரோலில் ஓடும் இன்ஜினை நாள்தோறும் திறந்து பார்ப்பவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கத்தான் போனேன்.

இந்த ஊரில் இருசக்கர வண்டிக்கு ஓய்வில்லை. அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, அறுவடைக் காலத்தில் நெல் மண்டி. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. வார இறுதிகளில் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பெரிய பைக்குகள் ராஜகிரி அடிவாரம்வரை உறுமிக்கொண்டு வருகின்றன. பட்டறைக்காரருக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். கார்பரேட்டர் காலத்தில் தொழில் பழகியவர். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, சத்தத்தைக் காதால் கேட்டே டியூன் செய்தவர். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்ததும் பெரும்பாலான புது வண்டிகள் ஃப்யூல் இன்ஜெக்ஷனுக்கு (எஃப்ஐ) மாறிவிட்டன. திருப்ப ஸ்க்ரூவே இல்லை. சொந்தக் காசில் ஸ்கேனர் வாங்கினார். யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

அவர் முதலில் பார்ப்பது திருத்த எண்ணை. இன்ஜினுக்குள் போகும் காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று ஈசியூ எனும் இன்ஜின் கணினியில் ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. சைலன்சரில் உள்ள ஓ2 சென்சார், எரிந்த புகையில் ஆக்சிஜன் மிஞ்சுகிறதா என்று பார்த்துச் சொல்லும். மிஞ்சினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்; ஈசியூ இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். அந்தக் கூடுதல்தான் ஸ்கேனரில் பிளஸ் எண்ணாகத் தெரிகிறது.

ஈதானால் கலந்தால் அந்த எண் ஏறத்தான் வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. ஈதானாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜனே என்பதால் அதற்கு 9 கிலோ போதும். 10 சதவீதக் கலவைக்கு 14.1, 20 சதவீதத்துக்கு 13.5 என்று வைத்துக்கொள்ளலாம். 10 சதவீதத்துக்குக் கணக்கு எழுதிய வண்டியில் 20 சதவீதக் கலவையை ஊற்றினால் நாலைந்து சதவீதம் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும். அவ்வளவுதான். இந்த “அவ்வளவுதான்” மீது அவருடைய தொழில் முழுதும் நிற்கிறது.

நான் இருந்தபோது பக்கத்து ஊர் மணிலா (வேர்க்கடலை) விவசாயி ஒருவர் தன் வண்டியோடு வந்தார். 2021-இல் வாங்கியது. ஸ்கேனர் பிளஸ் 17 காட்டியது. “பாருங்க, அந்த ஸ்பிரிட்டுதான்” என்றார் பெரியவர். “ஐயா, அது கேக்கறது அஞ்சு. மீதி பன்னெண்ட யாரு கேக்கறான்னு பாக்கணும்” என்றார் பட்டறைக்காரர்.

பெட்ரோல் பம்பின் அழுத்தத்தை அளந்தார். மூன்று பார் இருக்க வேண்டிய இடத்தில் முள் அதைத் தொடாமலேயே ஆடியது. டேங்கிலிருந்து பம்பைத் தூக்கியபோது வடிகட்டி பழுப்பேறிக் கிடந்தது. ஈதானால் நல்ல கரைப்பான்; பல வருடமாக டேங்கின் சுவரில் ஒட்டியிருந்த கசடைக் கழற்றிக் கீழே கொண்டுவந்துவிடும். ஆக, ஈதானாலுக்கு இதில் பங்கு இருக்கிறது, ஆனால் பெரியவர் நினைத்த வழியில் இல்லை. டேங்கைக் கழுவி, வடிகட்டியை மாற்றி, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து ஓட்டிப் பார்த்தபின் எண் 6-க்கு இறங்கியது. “இந்த ஆற நான் எறக்க முடியாது, எறக்கவும் கூடாது” என்றார் பெரியவரிடம். மைலேஜ் முன்புபோல் முழுதாகத் திரும்பாது என்பதையும் மறைக்கவில்லை. ஒரு லிட்டர் ஈதானாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஈதானாலே கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதமும், கார்களில் 6 முதல் 7 சதவீதமும் 20 சதவீதக் கலவையால் எரிபொருள் திறன் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட வரைவே சொல்லியிருக்கிறது. அதைப் பெட்ரோல் போடுகிறவனுக்குப் பங்க்கில் யாராவது சொல்லியிருந்தால், இந்தச் சண்டையில் பாதி இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மழைக்கால வண்டிகள் தனிக் கதை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை மூழ்கடித்தது. அப்போது நீரில் நின்ற வண்டிகளைப் பற்றிக் கேட்டேன். ஈதானால் தண்ணீரை இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அப்படி வந்த வண்டிகளை டேங்கைக் காலி செய்யாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று வாசலிலேயே நிறுத்தினாராம்.

அவரிடம் ஒரு கண்ணாடி அளவுக்குழாய் இருக்கிறது. 100 மில்லி பெட்ரோலில் 20 மில்லி தண்ணீரை ஊற்றிக் குலுக்கி வைத்தார். சற்று நேரத்தில் அடியில் நின்ற நீர்மட்டம் ஏறக்குறைய 40-ஐத் தொட்டது. ஈதானால் மொத்தமும் தண்ணீரோடு போய்விட்டது. வாடிக்கையாளர் சந்தேகப்பட்டால் அவர் கண்முன்னே இதைச் செய்து காட்டுவாராம். இவ்வளவு எளிய சோதனையை ஒவ்வொரு பட்டறையும் செய்ய வேண்டும்.

மாலையில் அங்கே வந்த இளைஞரோடு பேச்சு வேறு தளத்துக்குப் போனது. செஞ்சிக்காரர், சென்னையில் கார் டியூனிங் கடை ஒன்றில் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் கைவைப்பது டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ கார்களில். பைக்கில் மூன்று பார் என்றால் அங்கே இருநூறு, முந்நூற்றைம்பது பார். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பாய்கிறது.

ஈதானாலின் நல்ல முகத்தை அவர்தான் காட்டினார். அது ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சும். சிலிண்டருக்குள்ளேயே ஆவியாவதால் உள்ளே இருக்கும் காற்று குளிர்கிறது, நாக்கிங் (எரிபொருள் கட்டுமீறி வெடிக்கும் தட்டல்) அடங்குகிறது. ஆக்டேன் எண்ணும் கூடுதல். இக்னிஷனை முன்தள்ளலாம், டர்போவின் பூஸ்ட்டை ஏற்றலாம். ரேஸ்காரர்கள் 85 சதவீத ஈதானாலைத் தேடிப்போவது இதற்காகத்தான்.

தடை நேரம்தான். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி; பிஸ்டன் காற்றை உள்ளிழுக்கும் இறக்கத்துக்கு 5 மட்டுமே. வால்வுக்கு வெளியே பீய்ச்சும் பழைய முறையில் சுழற்சியின் 20 மில்லி விநாடியும் கையில் இருக்கும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் அந்தச் சிறிய இடைவெளிக்குள் முடித்தாக வேண்டும். 85 சதவீதக் கலவைக்கு அளவில் 40 சதவீதம் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும் என்றால் இன்ஜெக்டரும் கேம் ஓட்டும் உயரழுத்தப் பம்பும் கைவிரித்துவிடும். நேரம் கடந்து பீய்ச்சினால் சரியாக ஆவியாகாது. சுவரில் பட்ட எரிபொருள் எண்ணெய்ப் படலத்தைக் கழுவும். லேப்டாப்பில் எண்ணை மாற்றுவது நிமிட வேலை, மாற்றக் கூடாத இடம் எது என்று தெரிவதற்குத்தான் வருடங்கள் ஆகும் என்றார்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. ஓசூரின் டிவிஎஸ் 2019 ஜூலையிலேயே அப்பாச்சி ஆர்டிஆர் 200 வண்டியில் முழு ஈதானாலில் ஓடும் எஃப்ஐ மாடலை வெளியிட்டது. டைரக்ட் இன்ஜெக்ஷன் அல்ல. ஆனால் தொடக்கத்திலிருந்தே ஈதானாலுக்கென்று இன்ஜெக்டரையும் கணக்கையும் அமைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டிய வண்டி. செஞ்சிக்குப் பக்கத்தில் செம்மேட்டில் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு விளையும் மண். இந்த எரிபொருளால் யாராவது பலன் பெற வேண்டும் என்றால் இந்த வட்டாரம் அதில் இருக்க வேண்டும். அதற்கு ஐடிஐக்களில் இந்தத் திருத்த எண்ணைப் படிக்கச் சொல்லித்தரட்டும். வண்டிக் கம்பெனிகள் எந்த ஆண்டு மாடல் எந்தக் கலவைக்கு எழுதப்பட்டது என்பதைத் தமிழில் ஒரு தாளில் கொடுக்கட்டும். பெரிய செலவு இல்லை.

பட்டறைக்காரர் அந்தத் தாளைத் தானே எழுதிவருகிறார். கோடு போட்ட நோட்டில் மாடல், வாங்கிய ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், பெட்ரோல் போட்ட ஊர், வேலைக்கு முன் எண், பின் எண். சென்னை இளைஞர் அதை நெடுநேரம் புரட்டினார். நல்ல நிலையில் உள்ள வண்டிகளில் எண் எங்கே போய் நிற்கிறது என்று வரிசையாக எழுதிவைத்த ஏட்டை அவர் கடையிலும் பார்த்ததில்லையாம். “அண்ணே, இத போட்டோ எடுத்துக்கவா?” என்றார். “எடுத்துக்கோ தம்பி. ஆனா அந்தக் கார்ல என்ன எண் வருதுன்னு நீயும் அனுப்பணும். மூணாவது பக்கத்துக்கு அப்பறம் காருக்குன்னு எடம் விட்டு வெச்சிருக்கேன்.”