மைலேஜ் எவ்வளவுன்னு கேக்காதீங்க, லோடு எவ்வளவுன்னு கேளுங்க

நகரத்துல கார் வாங்குறவங்க முதல்ல கேக்குற கேள்வி, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்ங்கிறது. எங்க பக்கம் லோடு வண்டிக்காரரை அப்படிக் கேட்டா, "எவ்வளவு ஏத்தப் போறீங்கண்ணே?"ன்னு திருப்பிக் கேப்பார். விஷயமே அதுலதான் இருக்கு.

2005ல டாடா ஏஸ் வந்தது. யார் பேர் வெச்சாங்களோ, தமிழ்நாடு முழுக்க அது 'குட்டி யானை'. ரெண்டே சிலிண்டர் டீசல் எஞ்சின், முக்கால் டன் சுமக்கும். அதுக்கு முன்னாடி நாலு கூடை கத்தரிக்காயை டவுனுக்குக் கொண்டுபோக பஸ் கூரைதான் கதி. பிறகு 2011ல ஓசூர்லேர்ந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது, அது ஒன்னேகால் டன். அதுக்கும் மேல வேணும்னா மஹிந்திரா பொலேரோ பிக்கப்.

இதுல எது லாபம்? எங்க ஊர்க் கணக்காவே போட்டுப் பார்ப்போம். திருக்கழுக்குன்றத்துலேர்ந்து செங்கல்பட்டு, பரனூர் டோல் வழியா கோயம்பேடு போய்த் திரும்ப சுமார் 140 கிலோமீட்டர். போகும்போது லோடு, வரும்போது காலி. ரெண்டும் சேர்த்து குட்டி யானை 8 லிட்டர், பிக்கப் 12 லிட்டர் குடிக்குதுன்னு வெச்சுக்குங்க. டீசல் லிட்டர் 90 ரூபாய்னே போடுவோம், நிஜத்துல அதுக்கும் மேல. குட்டி யானைக்கு 720 ரூபாய், பிக்கப்புக்கு 1080.

மேலோட்டமா பார்த்தா சின்னதுதான் சிக்கனம். ஆனா முழு லோடு தர்பூசணி ஏத்தினா கதை மாறிடும். குட்டி யானையில 750 கிலோ, அதனால கிலோவுக்கு 96 காசு. பிக்கப்ல ஒன்றரை டன் போனா 72 காசு. அதே பிக்கப்ல 500 கிலோதான் போகுதுன்னா? கிலோவுக்கு 2 ரூபா 16 காசு ஆகுது. குட்டி யானையில அது 1 ரூபா 44 காசு. வண்டி அதேதான், ரோடும் அதேதான்.

காசுக் கணக்கு பேசுறானேன்னு சிரிக்காதீங்க. மாசி, பங்குனியில மதுராந்தகம் பக்கமும் எங்க பக்கமும் ஒரே நேரத்துல காய் அறுப்போம். விலை மடமடன்னு இறங்கும். அப்ப ஏத்துகூலி, டோல், மண்டி கமிஷன், டீசல் எல்லாம் போக கையில நிக்கிறதும் காசுக் கணக்குலதான் இருக்கும். விலை இறங்குதேன்னு டீசல் இறங்குமா?

ரோடும் கொஞ்சம் தின்னும். ஈ.சி.ஆர்.ல சாயங்காலம் கடல்காத்து பக்கவாட்டுல அடிக்கும். கூடையை உயரமா அடுக்கித் தார்ப்பாய் கட்டின வண்டி அந்தக் காத்தோட மல்லுக்கட்டித்தான் போகணும். விரட்டினா டீசல்தான் கரையும். கோவளத்துலேர்ந்தும் சதுரங்கப்பட்டினத்துலேர்ந்தும் மீன் ஏத்துறவங்க கஷ்டம் வேற. அவங்க ஏத்துற எடையில ஒரு பங்கு ஐஸ். வழியில உருகி ஒழுகுற தண்ணிக்கும் சேர்த்துத்தான் டீசல் எரியுது. உப்புத்தண்ணி பட்டு தொட்டித் தகரமும் துரு ஏறிடும்.

அமெரிக்காவுல ஃபோர்டு எஃப்-150 மாதிரி பெரிய பிக்கப்புகள் லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான் குடுக்கும். அதுல ஒத்தை ஆளா ஆபீஸ் போறவங்க நிறைய பேர். நம்ம ஊர்ல அந்தச் செல்லம் வண்டிக்குக் கட்டுப்படியாகாது.

எங்க தெருவுல ஒரு தம்பி கடன் போட்டு பிக்கப் எடுக்கணும்னு நின்னான். "ஒரு மாசம் வாடகை வண்டியில அனுப்பு, ஒவ்வொரு நடைக்கும் எடையை நோட்டுல எழுதி வை"ன்னு சொன்னேன். எழுதினான். கீரை, கத்தரி, வெண்டை எல்லாம் சேர்த்து ஒரு நடைகூட 600 கிலோவைத் தாண்டல. தர்பூசணி நாள்ல மட்டும்தான் பெரிய வண்டி தேவைப்பட்டது.

இப்ப அவன் பழைய குட்டி யானை ஒன்னு தேடிட்டிருக்கான். தர்பூசணி சீசனுக்கு நாங்க மூணு பேர் சேர்ந்து பிக்கப் வாடகைக்கு எடுக்குறதா பேச்சு. யார் தோட்டத்துல முதல்ல அறுப்புங்கிறதுதான் இன்னும் முடிவாகல. டீசல் கணக்கை விட அது பெரிய பஞ்சாயத்து!