சிறு சாதகங்களைச் சேர்ப்போம்

சதுரங்கம் தெரியாதவர்கள் அதை ராஜாவைப் பிடிக்கும் விளையாட்டு என்பார்கள். ஓரளவு தெரிந்தவர்களோ, பத்து நகர்த்தல்களை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவரே வல்லவர் என்பார்கள். இரண்டும் முழு உண்மை அல்ல. காலம் கனியும்வரை நம் நிலையைச் சிறிது சிறிதாக வலுப்படுத்திக் கொள்வதே சதுரங்கத்தின் உயிர்நாடி.

2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றபோது நான் எட்டாம் வகுப்பு மாணவி. எங்கும் சதுரங்கப் பேச்சாக இருந்த அந்நாட்களில், எங்கள் உடற்கல்வி ஆசிரியை இவ்விளையாட்டை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தார். அவர் வாயிலாகவே ஸ்டைனிட்ஸ் என்னும் பெயரையும் அறிந்தேன்.

வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் 1836-இல் பிராக் நகரில் பிறந்தவர். அக்காலத்து ஆட்டக்காரர்கள் பலர், தொடங்கிய உடனேயே காய்களைப் பலி கொடுத்து எதிரி ராஜாவின் மேல் பாய்வார்கள். இளமையில் அவ்வாறே ஆடிய ஸ்டைனிட்ஸ், 1873-க்குப் பின் வேறு வழியில் சென்றார். குதிரைக்கு ஒரு நல்ல கட்டம், யானைக்கு ஒரு திறந்த பாதை, எதிராளியின் காவலற்ற ஒரு சிப்பாய் என்று சிறு சாதகங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டும் என்றார். இது கோழைகளின் ஆட்டம் என்று சிலர் ஏசினர். 1886-இல் உலகப் பட்டத்துக்காகச் சுகர்டோர்ட்டுடன் மோதியபோது, முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கில் அவருக்குத் தோல்வி! ஆயினும் அவர் தளரவில்லை. முடிவில் 10 வெற்றி, 5 தோல்வி, 5 சமன் என்ற கணக்கில் முதல் உலகச் சாம்பியன் ஆனார்.

நம் சென்னை குகேஷும் இதையே காட்டினார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனுடன் கடைசி ஆட்டம். அதுவரை இருவருக்கும் சமப் புள்ளிகள். குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். ஆட்டம் சமனில் முடியும் என்றே பலரும் எண்ணினர். அவரோ அந்த ஒற்றைச் சிப்பாயை வைத்துக்கொண்டு பொறுமையாக நெருக்கினார். 55-ஆவது நகர்த்தலில் டிங் தவறினார். 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன்!

இந்தப் பாடம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. சென்ற ஆண்டு நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த சமயம், முதுகு வலியால் அப்பா நான்கு மாதம் கட்டட வேலைக்குப் போகவில்லை. கடன் ஏறியிருந்தது. அப்போது ஒரு தரகர் வீடு தேடி வந்தார். நூற்பாலை விடுதியில் தங்கி மூன்று ஆண்டு வேலை செய்தால், முடிவில் மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அம்மாதான் கேட்டார்: “மூணு வருஷம் கழிச்சுப் பணம் வரும், வந்த வேகத்துல போயிடும். அப்புறம் இவ கையில என்ன இருக்கும்?”

தரகர் எழுந்து போய்விட்டார். அம்மாவுக்குச் சதுரங்கம் தெரியாது. ஆனால் கண்ணெதிரே தெரியும் காயை விட, நாளைய நிலை பெரிது என்று தெரிந்திருந்தது.

அந்த முடிவுக்கு விலையும் உண்டு. அம்மா இரவு பத்து மணிவரை தைக்கிறார். கடன் இன்னும் தீரவில்லை. நான் வணிகவியல் பிரிவில் படிக்கிறேன். மாலையில் தட்டச்சு பயின்று இளநிலைத் தேர்வில் தேறியுள்ளேன். நாளும் ஒரு பக்கம் ஆங்கிலம் வாசிக்கிறேன். இவை பெரிய சாதனைகள் அல்ல. ஆயினும் ஒருமுறை கைக்கு வந்தால் எவரும் பறிக்க முடியாதவை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பலகையில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்கவேண்டும். வாழ்க்கையில் அப்படி இல்லை. நான் முன்னேறினால் என் தம்பியின் படிப்புக்கும் அது படியாகும்.

தோழியரே, சிப்பாய் முதல் அடியில் இரண்டு கட்டம் போகலாம். அதன்பின் ஒவ்வொரு கட்டமாகத்தான் நகரவேண்டும், பின்வாங்க வழியில்லை. ஆனால் எட்டாம் வரிசையைத் தொட்டால் அது ராணியாகலாம். இன்று நம்மால் நகர முடிந்த ஒரு கட்டத்தை இன்றே நகர்வோம்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி