கடல் காணச் சென்ற மலைநாட்டுச் சிறுமி

அரநாயக்கப் பகுதித் தோட்டங்களில் வாழும் எம்மவர்க்குக் கொழும்பு எட்டாத தொலைவிலுள்ள நகரமன்று. மாவனெல்லைக்கு இறங்கிவிட்டால் கண்டி வீதி. அங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீற்றர். ஆயினும், பேரப்பிள்ளைகளைக் கண்ட பின்னரும் கடலைக் காணாத முதியோர் எமது லயங்களில் உண்டு. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் மூன்று தினங்கள் ஊர் பார்க்கப் புறப்பட்டால் வழிச்செலவு ஒரு பக்கம். செக்ரோலில் மூன்று நாட் பேர் விழாமற் போவது மறுபக்கம். இவ்விரண்டையும் ஓராண்டு காலம் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே, சென்ற பாடசாலை விடுமுறையில், முதலாம் வகுப்பிற் படிக்கும் எமது மகளுடன் நாம் புறப்பட்டோம்.

மாவனெல்லையில் பஸ் ஏறுவதே வழக்கம். குழந்தைக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது என்பதால் ரம்புக்கனைக்குச் சென்று காலைப் புகைவண்டியைப் பிடித்தோம். இந்தப் பாதை மனிதரைக் கருதி இடப்பட்டதன்று. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கவே ஆங்கிலேயர் இதனை அமைத்தனர். 1865 இல் அம்பேபுஸ்ஸ வரையும் 1867 இல் கண்டி வரையும் வண்டி ஓடலாயிற்று. கோப்பி நோயுற்று அழிந்த பின் தேயிலை அதே தண்டவாளத்தில் இறங்கியது. 1883 ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடைபெறுவதும் கொழும்பிலேதான். எம் பாட்டிமார் கொய்த கொழுந்து கொழும்பு கண்டு, கப்பலேறி, சீமையும் கண்டது. கொய்தவர்களோ மலையிலேயே நின்றனர். பொல்கஹவெலையில் கடலை விற்பவன் ஏறியபோது எமது சிந்தனை கலைந்தது. குழந்தைக்கு யன்னலோரம் கிடைத்திருந்தபடியால் அவளுக்குச் சரித்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

வெல்லம்பிட்டியில் அவளது சித்தப்பாவின் வீட்டிலே தங்கினோம். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவர் அவர். அக்கம்பக்கத்தார் வந்து, "எந்த ஊர்?" என்று விசாரித்தனர். அரநாயக்க என்றதும் அவர்கள் முகம் மாறியது. "மலை சரிந்த இடமா?" என்றனர். பத்தலேகலையின் கம்பீரத்தையோ அசுபினி எல்லை நீர்வீழ்ச்சியின் அழகையோ ஒருவரும் கேட்கவில்லை. 2016 ஆம் ஆண்டு மே 17 ஆந் திகதி சாமசர மலை சரிந்து, அடிவாரத்துக் கிராமங்களை மூடி, நூற்றுக்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டது. எமது ஊரின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது அவ்வாறுதான்.

முதல் நாள் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. 1936 இல் அரசாங்கம் ஏற்று நடத்தத் தொடங்கிய பழைய தோட்டம் அது. யானையைக் கண்டால் குழந்தை துள்ளுவாள் என்று சித்தப்பா எதிர்பார்த்தார். ரம்புக்கனைக்கு அண்மையிலுள்ள பின்னவலையில் யானைக் கூட்டம் ஆற்றில் இறங்கிக் குளிப்பதைக் கண்ட பிள்ளைக்கு இது என்ன புதுமை! கண்ணாடித் தொட்டியில் நீந்திய மீன்களிடம் ஒரு மணி நேரம் நின்றாள். சிங்கத்தைத் திரும்பியும் பாராது, தாகமாயிருக்கிறது என்றாள். சிறு குழந்தையுடன் நகரம் பார்க்க விரும்புவோர் நாளொன்றுக்கு ஓரிடம், மிஞ்சினால் இரண்டு என்று வகுத்துக்கொள்வதே நலம். பட்டியலிட்டு ஓடினால் பெற்றோருக்குக் களைப்பும் பிள்ளைக்கு அழுகையுமே மிஞ்சும்.

மறுநாள் தேசிய நூதனசாலைக்குச் சென்றோம். தேசாதிபதி கிரெகரியின் காலத்தில், 1877 இல் திறக்கப்பட்ட வெண்ணிற மாளிகை. கண்டியரசரின் சிம்மாசனம் இங்கேதான் இருக்கிறது; இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு 1934 இல் மீண்டு வந்தது. பொலன்னறுவைச் சிவாலயங்களிலிருந்து கிடைத்த வெண்கல நடராசர் திருவுருவங்களின் முன் நெடுநேரம் நின்றோம். எனினும் எம்மை அசையவொட்டாது நிறுத்தியது ஒரு கல்.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்வித்த கல் அது. 1409 ஆம் ஆண்டுத் தேதி அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. சீனத்தில் புத்தரையும், பாரசீகத்தில் அல்லாஹ்வையும், தமிழில் தேவேந்திரமுனையிலே கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாரையும் போற்றி, காணிக்கைகளை வரிசைப்படுத்துகிறது. கடல் கடந்து வந்த பேரரசின் தூதுவர் இத்தீவில் மூன்று மொழிகளில் பேச வேண்டுமென எண்ணியபோது, அவற்றுள் ஒன்று தமிழாயிருந்தது! இத்தகைய கல் பிற்காலத்தில் காலி நகரில் ஒரு மதகை மூடும் பலகையாகக் கிடந்தது. 1911 இல் தற்செயலாகவே கண்டெடுக்கப்பட்டது.

குழந்தையைத் தூக்கிக் காட்டினோம். எழுத்துகள் தேய்ந்திருந்தன. வெகுநேரம் உற்றுப் பார்த்து, "இது எங்கள் எழுத்தா?" என்று கேட்டாள். ஆம் என்றோம். "அப்படியானால் ஏன் வாசிக்க முடியவில்லை?" என்றாள். அறுநூறு ஆண்டுகளில் எழுத்தின் வடிவம் எங்ஙனம் மாறும் என்பதை ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்குவது எளிதன்று. அருகில் நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் தமது கைப்புத்தகத்தில் பழைய எழுத்துச் சிலவற்றை வரைந்து காட்டினார். அந்தத் தாளை அவள் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். நூதனசாலை முற்றத்துப் பெரிய ஆலமரத்தடியிற் கட்டுச்சோறு உண்ட பொழுதும் இருமுறை அதனை எடுத்துப் பார்த்தாள்.

மாலையில் தாமரைக் கோபுரம். 2022 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இது சுமார் 350 மீற்றர் உயரமுடையது. மேலேயிருந்து துறைமுகமும், பேரை வாவியும், கடலை நிரப்பி உண்டாக்கிய 269 ஹெக்டயர் புது நிலமும் படம் விரித்தாற்போலத் தெரிந்தன. பத்தலேகலை கடல்மட்டத்திலிருந்து 798 மீற்றர் என்று சொன்னதும் குழந்தை கோபுரத்தின் மீதிருந்த மதிப்பைச் சற்றுக் குறைத்துக்கொண்டாள்.

அன்றிரவு பெருமழை பொழிந்தது. தகரக் கூரையிற் சத்தம் எழுந்ததும் குழந்தை விழித்து உட்கார்ந்துவிட்டாள். எமது பகுதியில் மழை வலுத்தால் மூட்டை முடிச்சுடன் பாடசாலை மண்டபத்துக்குச் சென்று தங்க நேர்வதுண்டு. 2016 இற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் அந்த அச்சம் பாலோடு ஊட்டப்பட்டிருக்கிறது.

"சித்தப்பா, மலை எந்தப் பக்கம்?"

"இங்கே மலை இல்லை, கண்ணு."

"அப்போ மழை பெய்தால் எது விழும்?"

சித்தப்பா சிரிக்கவில்லை. எழுந்து விளக்கைப் போட்டு, சுவரைக் காட்டினார். அவரது மார்பளவில் மங்கலான ஒரு கோடு, சுண்ணாம்பு பூசியும் மறையாமல் நின்றது. அதே 2016 மே மாதத்தில், அதே மழையில், களனி கங்கை பெருகி இவ்வீட்டினுள் ஏறிய மட்டம் அது. "உங்களுக்கு மேலேயிருந்து மண், எங்களுக்குக் கீழேயிருந்து தண்ணீர்," என்றார். குழந்தை அந்தக் கோட்டைக் கையால் தொட எம்பிப் பார்த்தாள், எட்டவில்லை. பின்னர், அவர் கையைப் பிடித்தபடியே உறங்கிப் போனாள். நாமிருவரும் விடியும்வரை அந்தக் கோட்டைப் பார்த்தபடி கிடந்தோம்.

மூன்றாம் நாள் பிற்பகலைக் காலிமுகத்திடலுக்கென ஒதுக்கியிருந்தோம். வானம் வெளுத்திருந்தது. கடலோர நடைபாதையிலே பழைய கல்லொன்று உண்டு. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த இந்நடைபாதையை, கொழும்புப் பெண்களினதும் குழந்தைகளினதும் நன்மைக்காகப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக்கொள்வதாக அது கூறுகிறது. தோட்டத்துக் குழந்தைகளை அவர் எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் எமது மகள் அக்கல்லைத் தாண்டித் தன் உரிமை போலவே ஓடினாள்.

கடலைக் கண்டதும் ஆரவாரம் செய்வாள் என எண்ணினோம். ஆனால் அவள் மௌனமாக நின்றாள். பட்டங்கள் பறந்தன, இறால் வடை மணந்தது, ஒன்றையும் கவனியாது, அலை வந்து மீள்வதையே பார்த்திருந்தாள். பிறகு, "நம்ம ஓயாத் தண்ணீர் இங்கேதான் வருகிறதா?" என்று கேட்டாள். எமது மலைகளிற் சேரும் நீரை மா ஓயா ஏந்தி மாவனெல்லை வழியே ஓடி, நீர்கொழும்புக்கு வடக்கே, கொச்சிக்கடை அருகில் கடலோடு கலக்கிறது. இங்கே வருவது களனியின் நீர். கடல் ஒன்றே என்றோம். அவ்விடையில் அவளுக்குத் திருப்தியில்லை. நமது தண்ணீர் கடலிற் சேரும் இடத்தையே பார்க்க வேண்டும் என்றாள்.

அடுத்த விடுமுறைக்குக் கொச்சிக்கடை என்று, இறால் வடையைப் பகிர்ந்தவாறே அங்கேயே தீர்மானமாயிற்று. வழிச்செலவுக்கு இப்போதிருந்தே உண்டியல் வைத்திருக்கிறோம்.