வெண்ணெய்த்தாழியும் ஒரு முக்காலியும்

(மூன்றாம் ஆண்டு, பொருளியல்)

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டபோது, 'நாட்டு முன்னேற்றத்தில் இளைஞர் பங்கு' என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதைச் சென்ற ஆண்டே இருவர் எழுதிவிட்டனராம். "நீ மாலையில் ஏதோ கடைக்கு வேலைக்குப் போகிறாயாமே, அதை எழுதேன்" என்றார். பலசரக்குக் கடையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தயங்கினேன். எழுத உட்கார்ந்த பிறகு நிறுத்துவதுதான் கடினமாக இருக்கிறது.

2023-இல் மேட்டூரில் தண்ணீர் குறைந்து எங்கள் பக்கம் குறுவை கருகிப்போயிற்று. அந்த ஆண்டுதான் நான் கல்லூரியிலும் சேர்ந்தேன், கடையிலும் சேர்ந்தேன். மன்னார்குடியில் குளிர்சாதன வசதியுடன் இயங்கும் பல்பொருள் அங்காடி அது. பெயர் வேண்டாம். பல ஊர்களில் கிளைகள் உண்டு. தலைமை அலுவலகம் சென்னையில். மாலை நாலரைக்குப் போனால் ஒன்பதரை வரை வேலை. ஒரு மாலைக்கு 150 ரூபாய். அலமாரிகளில் சரக்கை அடுக்குவது, காலாவதித் தேதி பார்த்துப் பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வைப்பது, வண்டியில் அரிசி மூட்டை தள்ளுவது, பாட்டிமார்களுக்குக் கண்ணாடி இல்லாத குறைக்கு விலை படித்துச் சொல்வது: இவை என் கடமைகள்.

தலைமை அலுவலகத்தை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. அது வாட்ஸ்அப் வழியாகத்தான் எங்களோடு பேசும். நாள்தோறும் ஏதேனும் ஒரு சுற்றறிக்கை வரும். ஒரு முறை, உள்ளே நுழையும் ஒவ்வொருவரையும் கைகூப்பி, கடையின் பெயரைச் சொல்லி, "தங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று கூற வேண்டும் என்று உத்தரவு வந்தது. சென்னையில் அது பொருத்தமாக இருக்கலாம். எங்கள் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் எனக்கு ஏதோ ஒரு வகையில் உறவு. என் சின்ன மாமாவை நான் அப்படி வரவேற்றபோது அவர் ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏண்டா, வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று கேட்டார்.

இன்னொரு முறை அலமாரிப் படம் ஒன்று வந்தது. எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று வண்ணம் தீட்டிய படம். வாசலுக்கு நேரே, கண் மட்டத்தில், பத்து வகைப் பாக்கெட் அரிசி! வீட்டுக்கு வீடு நெல் பத்தாயம் இருந்த ஊர் இது. பத்தாயம் போனாலும் அரிசி எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். எங்களிடம் மக்கள் வாங்க வருவது எண்ணெய், சோப்பு, சேமியா, பிஸ்கட். அவற்றையெல்லாம் கடைக்கோடியில் கொண்டுபோய் வைத்தோம். வந்தவர்கள் அரிசியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அரிசி விற்பனை ஏன் உயரவில்லை என்று மறுமாதம் விளக்கம் கேட்டு எழுதினார்கள்.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. வெண்ணெய்க் கதை அப்படியல்ல.

இராஜகோபால சுவாமி கோயிலின் பங்குனிப் பெருவிழா 18 நாள் நடப்பது நம் கல்லூரியில் அனைவருக்கும் தெரியும். பதினாறாம் நாள் வெண்ணெய்த்தாழி. தவழும் கண்ணன் கோலத்தில் பெருமாள் பல்லக்கில் வரும்போது வீதி நெடுக நின்று மக்கள் வெண்ணெயை வீசுவார்கள். அன்று காலை இந்த ஊரில் வெண்ணெய்க்குள்ள கிராக்கி ஆண்டில் வேறெந்த நாளிலும் கிடையாது.

2024 பங்குனியில், எங்கள் கடைப் பொறுப்பாளர், விழா தொடங்கும் முன்பே 100 கிராம் பாக்கெட் 400 வேண்டும் என்று எழுதினார். அவர் கடைத்தெருவில் ஒரு பழைய மளிகையில் இருபது வருடம் தராசு பிடித்தவர். ஊரில் எந்த வாரம் எது விற்கும் என்று பஞ்சாங்கம் இல்லாமலே சொல்வார். சென்னையிலிருந்து பதில் வந்தது: கணினி மூன்று மாதச் சராசரி பார்த்துவிட்டதாம், எங்கள் கிளைக்கு 24 பாக்கெட் போதுமாம். மறுபடி எழுதினார். தொலைபேசியிலும் சொன்னார். "சிஸ்டம் ஏற்காது" என்றுவிட்டார்கள்.

அன்று கல்லூரிக்கு விடுமுறையாதலால் காலையிலேயே கடையில் இருந்தேன். கதவு திறந்த கால்மணி நேரத்தில் 24-உம் தீர்ந்தன. அதன்பின் வந்தவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு மூதாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "இம்மாம் பெரிய கடையை வச்சிக்கிட்டு வெண்ணெய் இல்லைங்கிறியே தம்பி, நீயெல்லாம் இந்த ஊருதானா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 24 பாக்கெட்டும் கால்மணியில் விற்றதைக் கணினி குறித்துக்கொண்டதே! 'மிகுந்த தேவை' என்று யாரோ முடிவு செய்தார்கள். தேர் நிலைக்கு வந்து, விடையாற்றி நடந்துகொண்டிருந்தபோது, கேட்காமலே 600 பாக்கெட் வந்து இறங்கியது. எங்கள் குளிர்ப்பெட்டி 150 கொள்ளும். திருப்பி அனுப்ப அனுமதி கேட்டோம், கிடைக்கவில்லை. பங்குனிக் கடைசி வெயில், இடையில் இரண்டு மின்தடை. உருகி வழிந்த அட்டைப்பெட்டிகளை நானும் காய்கறிப் பிரிவு அண்ணனும்தான் பின்கட்டுக்குச் சுமந்தோம். கை கழுவக் கழுவ நெய் வாடை போகவில்லை. வீணானது 350 பாக்கெட், 20,300 ரூபாய்.

மாதக் கடைசியில் அந்த 20,300 ரூபாயும் எங்கள் சம்பளத்தில் பிடித்தம் ஆயிற்று. முழுநேரப் பணியாளர் எட்டுப் பேருக்குத் தலைக்கு 2,400, எனக்கு 1,100. என் ஏழு மாலைகளுக்கு மேல். பில் போடும் அக்கா மகளின் பள்ளிக்கூடத் தவணைக்கு வைத்திருந்த பணம் அது. அவர் ஒன்றும் பேசவில்லை. கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் வணிகவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை எடுத்துக் காட்டினார். பணியாளர் பொறுப்பில் ஒப்படைத்த பொருள், அவருடைய கவனக்குறைவால் நேரடியாகக் கெட்டிருந்தால்தான் பிடித்தம் செய்யலாம் என்று அதில் இருக்கிறது. நாங்கள் கேட்டது 400, வந்தது 24. நாங்கள் கேளாதது 600. இதில் எங்கள் கவனக்குறைவு எங்கே? ஒரு பக்கத்தில் மனு எழுதினோம். முதல் கையெழுத்தைப் பொறுப்பாளரே போட்டார். "நீ படிக்கிற பிள்ளை, கடைசியில போடு" என்றார் என்னிடம்.

அதே சட்டத்தைப் புரட்டியபோதுதான் முக்காலியின் வரலாறும் எனக்குத் தெரிந்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் நம் சட்டப்பேரவை அச்சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்த்திருக்கிறது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடியதன் பயனாகக் கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது. '2010-இல் வந்த அங்காடித் தெரு' படம் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். எங்கள் கடையிலும் பில் மேசைக்குப் பின்னால் ஒரு முக்காலி உண்டு. அது வந்த அன்று புகைப்படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பச் சொன்னார்களாம், அனுப்பினார்களாம். அடுத்த வாரமே, வாடிக்கையாளர் கடைக்குள் இருக்கும்போது உட்காரலாகாது என்று சுற்றறிக்கை. காலை பத்து முதல் இரவு ஒன்பதரை வரை வாடிக்கையாளர் இல்லாத நேரம் எது? அக்காவின் கணுக்காலில் நரம்பு முடிச்சுமுடிச்சாகப் புடைத்திருக்கும். மேலே கேமரா. முக்காலியின் மேல் பிஸ்கட் அட்டைப்பெட்டிகளை வைத்துவிட்டோம்.

மனு போன பிறகு சென்னையிலிருந்து இளைஞர் ஒருவர் வந்தார். மேலாண்மை பட்டம் பெற்றவர். நல்லவர் என்றே சொல்வேன். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், குறிப்பெடுத்தார். தமக்கும் மேலே ஒருவர் மாதம் ஓர் இலக்கு எண் தருவதாகச் சொல்லி வருத்தப்பட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "இந்த வெண்ணெய்த்தாழி ஆண்டுதோறும் வருமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பில் ராச்டேல் முன்னோடிகளைப் பற்றிப் படித்தோம் அல்லவா? 1844-இல் இங்கிலாந்தில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் காசு சேர்த்துத் தாங்களே நடத்திய பலசரக்குக் கடை. முதல் நாள் அவர்கள் விற்ற நாலைந்து பண்டங்களில் வெண்ணெயும் ஒன்று. வாங்குபவரும் முடிவெடுப்பவரும் ஒரே தெருவில் இருந்தார்கள். தேர்வில் அந்தக் கேள்விக்கு நான் நான்கு பக்கம் எழுதினேன்.

பிடித்தம் திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். தவறு என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்து 'ஊக்கத்தொகை' என்ற பெயரில் தலைக்கு 1,000 ரூபாய் வந்தது. பொறுப்பாளருக்கு அதுவும் வரவில்லை. அவரை ஓசூர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

2025 பங்குனியில் 400 பாக்கெட் வந்தது, உரிய நாளுக்கு முன்னால். பதினாறாம் நாள் காலை எட்டு மணிக்குள் தீர்ந்தும் போயிற்று. அன்று இரவு கடை சாத்தும் நேரத்தில் ஓசூரிலிருந்து அவர் என்னை அழைத்தார்.

"வெண்ணெய் வந்துச்சா தம்பி?"

"வந்துச்சு சார். பத்தலை. அடுத்த வருஷம் 600 கேக்கணும்."

"கேளு, கேளு. அக்கா உக்காருதா?"

"இல்லை சார். அட்டைப்பெட்டிதான் உக்காந்திருக்கு."

அவர் சிரித்தார். அதற்குள் என் ஊருக்குக் கடைசிப் பேருந்து வந்துவிட்டது.