ஆராய்ச்சியின் வாயில்

கல்லூரியில் இளநிலை வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவனை அவன் ஆசிரியர் அழைத்து, "ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்க இருக்கிறேன், நீயும் வந்து சேர்கின்றாயா?" என்று கேட்கின்றார் எனக் கொள்வோம். அவ்வினா செவிக்கு இனியது. ஆயினும் அதற்கு விடை கூறுதல் எளிதன்று. படிக்க வேண்டிய பாடங்களோ பல. தேர்வோ அண்மையில் உள்ளது. வீட்டில் உள்ளோர் அவன் விரைந்து ஒரு பணியில் அமர்வதை எதிர்நோக்கி இருக்கின்றனர். ஆராய்ச்சியோ, இன்ன நாளில் இன்ன பயன் கிட்டும் என்று எவருக்கும் உறுதி கூறுவதில்லை. சேர்வதா, விலகுவதா என்று அம்மாணவனின் நெஞ்சம் ஊசலாடுகின்றது.

இவ்வூசலாட்டம் புதியதன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் முன்னும் பின்னுமாகப் பயின்ற இருவர் இதே வாயிலில் நின்றனர். ஒருவர் சர் சி. வி. இராமன், மற்றொருவர் அவருடைய தமையனாரின் மைந்தர் சந்திரசேகர்.

இராமன் மாணவராக இருந்த காலத்தில் இங்கு ஆராய்ச்சிக்கு அழைப்பார் எவரும் இலர். ஒருநாள் அவர் நிறமாலைமானியைக் கொண்டு முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். அப்பொழுது சாய்வாக வந்த ஒளி தோற்றுவித்த பட்டைகள் இருபுறமும் ஒத்திராமையைக் கண்டார். பாடத்திற்கு வேண்டிய அளவை எடுத்ததோடு அவர் அமைந்துவிடவில்லை. அதன் காரணத்தைத் தேடிச் சென்றார். அத்தேடலின் பயனாக 1906ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறிவியல் இதழொன்றில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. எனினும் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ள அன்று இடமில்லை. ஆதலால் 1907இல் அரசாங்க நிதித்துறையில் அலுவல் ஏற்றார். கல்கத்தாவில் அலுவலகம் செல்லுமுன்னும், திரும்பிய பின்னும், ஆய்வுக்கூடமே அவருக்கு வீடாயிற்று.

சந்திரசேகரின் நிலை வேறு. 1910இல் பிறந்த அவருக்குக் கணிதத்தில் தீராத வேட்கை இருந்தது. தந்தையாரோ, மகன் இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெற்று உயர்ந்த பதவியில் அமர வேண்டும் என்று விரும்பினார். அதற்குத் துணையாகும் என்று கருதியே இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் சேருமாறு கூறினார். மகனும் உடன்பட்டார். ஆனால் அவருடைய உள்ளம் பதவியை நாடவில்லை. அந்நிலையில், உள்ளம் எதனை விரும்புகின்றதோ அதனையே செய்க என்று ஊக்கம் அளித்தவர் அவருடைய அன்னையார். ஒரு பக்கம் தந்தையின் விருப்பம். மற்றொரு பக்கம் தம் வேட்கை. இவ்விரண்டிற்கும் இடையே அவருடைய மாணவப் பருவம் கழிந்தது.

1928ஆம் ஆண்டில் செர்மானிய அறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அணுவின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய பெருநூலைச் சந்திரசேகர் தாமே முயன்று கற்றிருந்தார். அந்தத் துணிவோடு அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று கண்டார். அங்கே அவருக்குப் பேரிடி ஒன்று காத்திருந்தது. அந்நூலில் கண்ட கோட்பாடுகள் பழையவாகிவிட்டன என்றும், 1925ஆம் ஆண்டிற்குப் பின் தோன்றிய குவாண்டம் இயக்கவியல் அத்துறையையே மாற்றிவிட்டது என்றும் அவ்வறிஞர் கூறினார். பல நாள் உழைத்துப் பெற்ற கல்வி ஒரு நொடியில் பயனற்றதாகத் தோன்றினால் எவருடைய மனந்தான் தளராது?

பதினெட்டு வயது மாணவர் ஒருவர், 'இஃது எமக்கு ஏற்றதன்று. தேர்வுக்குப் படிப்போம்' என்று திரும்பியிருந்தால் அவரைக் குறை கூறுவார் இலர். சந்திரசேகர் அவ்வாறு திரும்பவில்லை. உலோகங்களில் உள்ள எலக்ட்ரான்களைப் பற்றிய தம் புதிய கட்டுரை அச்சேறுமுன் எடுத்த படிகளைச் சாமர்ஃபெல்டு அவரிடம் அளித்தார். சந்திரசேகர் அவற்றை ஆழ்ந்து கற்றார். அதில் கையாளப்பட்ட புதிய புள்ளியியலைக் காம்ப்டன் சிதறல் என்னும் நிகழ்ச்சிக்குப் பொருத்திச் சில திங்களிலேயே ஒரு கட்டுரை வரைந்து, கேம்பிரிட்சில் இருந்த ஃபௌலர் என்னும் அறிஞருக்கு அனுப்பினார். 1929இல் அஃது இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளிவந்தது. பட்டம் பெறுமுன்னரே அவர் ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார்.

1930இல் அரசாங்க உதவிச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்சுக்குக் கப்பல் ஏறியபொழுது, அதே புள்ளியியலை ஒடுங்கிய விண்மீன்களுக்குப் பொருத்திக் கணக்கிட்டார். வெண்குறுமீன் ஒன்றின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பது புலனாயிற்று. கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கான அவ்வெல்லை இன்று 'சந்திரசேகர் எல்லை' எனப்படுகின்றது. 1983இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

இவ்வரலாறுகளைக் கேட்ட மாணவன், ஆராய்ச்சியில் சேர்வார் யாவரும் பெரும்பரிசு பெறுவர் என்று எண்ணுதல் பிழை. பலருக்கு அது பிழைபட்ட அளவுகளையும், மீண்டும் மீண்டும் செய்ய வேண்டிய சோதனைகளையுமே முதலில் அளிக்கும். ஆதலின் அவன் தன்னைத்தானே சில வினாக்கள் கேட்டுக்கொள்ளல் வேண்டும். என்னை இழுப்பது ஆராயும் பொருளா, அன்றி அதனால் வரும் பெயரா? வகுப்புப் பாடங்களுக்கு ஊறு நேராமல் நாள்தோறும் ஒதுக்கக்கூடிய நேரம் எவ்வளவு? நான் கற்றது பழையது என்று ஒருவர் கூறினால், மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் பொறுமை எனக்கு உண்டா?

இவற்றிற்கு நேர்மையான விடை கிடைக்குமாயின், முடிவு தானே பிறக்கும். 'இப்பொழுது இயலாது' என்பது விடையாயினும் அதில் இழிவில்லை; அலுவலில் அமர்ந்த இராமனும் ஆராய்ச்சியைத் துறக்கவில்லை அன்றோ? 'இயலும்' என்பது விடையாயின், முழுதும் கற்ற பின்னரே தொடங்குவோம் என்று காத்திருத்தல் வேண்டா. ஏனெனில், அறிவுத்துறையில் முழுதும் கற்ற நாள் என்று ஒரு நாள் எவருக்கும் வருவதில்லை.