தலை தப்பிய பின்

"தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்" என்று எம்மைக் காண வந்தோர் யாவரும் கூறினர். 2017 ஆம் ஆண்டு மாசி மாதத்து இரவொன்றில், பருத்தித்துறை வீதியிற் குறுக்கே படுத்திருந்த மாட்டின்மீது மோட்டார் சைக்கிளை மோதி விழுந்த எமது தம்பி, 11 நாள் நினைவிழந்து கிடந்து, 6 கிழமைகளின் பின் தன் காலாலேயே நடந்து வீட்டுப்படி ஏறினான். மழித்த தலையில் மயிர் முளைத்தது. தையல் வடுவும் மறைந்தது. இனி யாது குறை என்றே நாமும் எண்ணினோம். வைத்தியசாலையில் தந்த துண்டில் மாத்திரைகளின் பெயர்களும் மீண்டும் வரவேண்டிய திகதியும் இருந்தன. வீடு திரும்புபவன் எத்தகையவனாக இருப்பான் என்பது பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

விடியுமுன் தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டுக் கணக்கெழுதும் வேலைக்குச் செல்பவன், இப்போது விறாந்தைக் கதிரையில் அமர்ந்தால் பிறர் சொல்லும்வரை எழுந்திரான். குளிக்கச் சொன்னாற் குளிப்பான், சொல்லாவிடின் இல்லை. கடைக்குப் போனால் மூன்று பொருளில் ஒன்றோடு திரும்புவான். தேங்காய் திருவும் ஓசைக்கும் அன்னையார்மீது சீறி விழுவான். சற்று நேரத்தில் அதனை மறந்து அவரிடமே தேநீர் கேட்பான். அயலார் சிலர் செய்வினை என்றனர். அன்னையார் நூல் கட்டுவித்தார். படித்தவர்களாகிய நாமோ அதனை எள்ளி நகைத்துவிட்டுச் சோம்பல் என்று பெயரிட்டோம். இரண்டில் எது பெரிய அறியாமை என்று இன்றும் எம்மால் தீர்மானிக்க முடியவில்லை.

ஒருநாள் அடுப்பிற் பாலை வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி அவனிடம் கூறிவிட்டு அன்னையார் கிணற்றடிக்குச் சென்றார். நாம் படலையைத் திறக்கும்போதே தீய்ந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. தம்பியோ அடுப்படிக்கு முதுகு காட்டி வாயிற்படியில் அமர்ந்திருந்தான். "எனக்கு ஒண்டும் மணக்கேல்லை, அண்ணை" என்றான். தெரு முழுவதும் மணக்கும்போது இவனுக்கு மட்டும் மணக்கவில்லையா என்று எமக்குச் சினம் பொங்கியது. பொய்யன் என்று ஏசினோம். அதற்கு மேலும் ஏசினோம்; அதனை இங்கு எழுதுவதற்கில்லை.

இரண்டு மாதங்களின் பின், ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர், தம்பியைப் போன்றோரின் குடும்பங்கள் நான்கை ஒரு மாலையில் அழைத்து வாங்கில் இருத்திப் பாடம் நடத்தினார். வயதில் எமக்கு இளையவர். மண்டையோட்டின் அடித்தளம் உட்புறத்தே கரடுமுரடானது என்றும், ஓடும் வாகனம் சட்டென நிற்கையில் மென்மையான மூளை அதன்மேல் உராய்ந்து நசுங்குகிறது என்றும் அவர் விளக்கினார். நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியே ஒரு செயலைத் தானாகத் தொடங்கவும் சினத்தை அடக்கவும் அடுத்தது யாதெனத் திட்டமிடவும் துணைபுரிவது. அது பழுதுற்றவனுக்கு, செய்யத் தெரியும், தொடங்க வராது. மூக்கிலிருந்து மணத்தைக் கொண்டுசெல்லும் நுண்ணிய நரம்பிழைகள் சல்லடை போன்றதோர் எலும்பின் துளைகளூடாக மேலே செல்கின்றன. தலை அதிரும்போது அவை அறுந்துபோவதுண்டு என்று அவர் கூறியபோது, நாம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க இயலாமல் தரையைப் பார்த்தோம்.

அவர் எம்மிடமும் கேட்டறிந்தார். விபத்துக்கு முன் தம்பி எப்படி இருந்தான், எவ்வேளையில் அதிகம் சினக்கிறான் என்றெல்லாம் வினவி எழுதிக்கொண்டார். வைத்தியர் முன் 10 நிமிடம் அவன் குறையின்றிப் பேசுவான். ஏனெனில் கேள்வி அவரிடமிருந்து வருகிறது. எஞ்சிய பகலைக் காண்பவர்கள் வீட்டார் அன்றோ? அமெரிக்காவில் 1980 இல் இத்தகையோருக்கென நாடளாவிய சங்கமொன்றைத் தொடக்கியவர்களும் வைத்தியர்களல்லர். விபத்தில் மூளைக்காயமுற்ற மகளின் பெற்றோரே. அன்று எம்மருகில் இருந்த தாயொருத்தியின் மகன் மாமரத்திலிருந்து விழுந்தவன். வகுப்பிற் பாதி நேரத்தில் களைத்து உறங்கிய அவனை ஆசிரியர் வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார். களைப்பும் காயத்தின் பகுதியே என்று சிகிச்சையாளர் எழுதிய கடிதத்தை அத்தாய் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

மாணவர்கள் பீனியஸ் கேஜ் என்பாரைப் பற்றிப் படித்திருப்பர். 1848 இல் அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில், இருப்புப்பாதை வேலையின்போது மூன்றரை அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள இரும்புக் கம்பி கன்னத்தினூடாகப் புகுந்து உச்சியால் வெளியேறியும் உயிர் பிழைத்தவர். குணம் மாறிப்போனவர் என்று மட்டும் கூறிப் பல நூல்கள் நின்றுவிடுகின்றன. பின்னர் அவர் சிலி நாட்டிற் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்ததை அவை விட்டுவிடுவது எமக்கு வருத்தந் தருகிறது. நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடந்த அவ்வேலையே அவரைத் தாங்கியிருக்கலாம் என்று ஆராய்ந்தோர் கருதுகின்றனர். குடும்பத்தாருக்கு வேண்டிய பகுதி அதுதான்.

நாமும் ஒழுங்கொன்றை ஏற்படுத்தினோம். ஒரு வேளையில் ஒரு சொல். ஒரு வேலை முடிந்த பின்னரே அடுத்தது. "நினைவிருக்கிறதா?" என்று பரீட்சை வைப்பதை நிறுத்தினோம். அன்னையார் அதற்குப் பழக நெடுநாள் சென்றது. நாம் பழக அதனினும் நெடுநாள். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி தொடங்குமுன் சென்று திரும்புகிறோம். பால் வைத்தால் அவனது கைத்தொலைபேசி மணி அடிக்கும்; மணம் இன்றுவரை மீளவில்லை. பழைய வேலைக்கு அவனால் திரும்ப முடியவில்லை. தோட்டத்துக்கு நீர் இறைக்கிறான், கொப்பியில் எழுதியிருப்பதைப் பார்த்து.

அக்கொப்பியை அவன் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருப்பான். பாடம் கேட்டு வந்த அன்றிரவு அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பால் கருகியதும் நாம் ஏசியதும் அவனுக்கு நினைவில் இல்லை. ஆயினும் சொல்லிக்கொடுத்த வழக்கப்படி அன்றைய பக்கத்தில் எழுதிக்கொண்டான்: "அண்ணை மன்னிப்புக் கேட்டார். ஏனென்று தெரியாது. நாளைக்குக் கேட்க வேண்டும்."